ஆரஞ்சு விளக்கு அணையவில்லை

என் கணவருக்கு வாய் இருக்கிறது என்பதற்கு அவர் சாப்பிடுவது ஒன்றுதான் சாட்சி. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இந்த இரண்டு பேரும் ஒரு வீட்டில் எப்படிக் குப்பை கொட்டுகிறோம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: நான் பேசுகிறேன், அவர் செய்கிறார். கதவு கிறீச்சிட்டால் மறுநாள் சத்தம் இருக்காது. கத்தி மழுங்கினால் மறுநாள் விரலைப் பதம் பார்க்கும். எப்போது செய்தார், எதற்குச் செய்தார் என்று ஒரு வார்த்தை வராது.

அவர் வைத்திருப்பது பாலீஷ் கடை. வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. கதவுக் கைப்பிடி, குழாய், விளையாட்டுக் கோப்பை, பெயர்ப்பலகை எல்லாம் கறுத்துப்போய் வரும். முகம் பார்க்கிற மாதிரி திரும்பிப் போகும். மெருகேற்றிய பிறகு நிறமில்லாத வார்னிஷ் ஒரு கை பூசி, விளக்குச் சூட்டில் காயவைப்பார். அப்புறம் வருஷக்கணக்கில் கறுக்காது. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'பளபளா'தான். எங்கள் வீட்டில் பித்தளை என்று இருப்பதெல்லாம் பளபளாவின் கைபட்டதுதான், வாசல் மணியின் பொத்தான் உட்பட. அந்த மணி அடிக்காது என்பது வேறு விஷயம். வருகிறவர்கள் அழுத்திப் பார்த்து அலுத்துப்போய்த் தெருவில் நின்று கத்துவார்கள்.

நான் கட்டடங்களுக்குக் கணினியில் உள்வடிவம் வரைகிறவள். கட்டி முடிப்பதற்கு முன்பே அறைக்குள் நடந்து பார்க்கிற மாதிரி வரைவது என் வேலை. பல வருஷம் ஓர் அலுவலகத்தில் வேறொருவர் பெயருக்கு வரைந்து கொடுத்தேன். போதும் என்று வெளியே வந்தபோது ஓர் ஆர்க்கிடெக்ட் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். கைப்பையில் எப்போதும் ஓர் எஃகு அடிக்கோல் வைத்திருப்பார். அதனால் அவரை எல்லோரும் 'ஸ்கேல்' என்பார்கள். குழந்தைகள் நூலகம் ஒன்று கட்டப் போகிறார். "வரைஞ்சு வையுங்க. திங்கட்கிழமை காலைல உங்க வீட்டுக்கே வர்றேன். நான் சொல்லச் சொல்ல மாத்திக் காட்டணும். அது முடிஞ்சா எங்க வேலையெல்லாம் உங்களுக்குத்தான். முடியலன்னா இன்னொருத்தர் காத்திருக்கார்" என்றார். அவர் பேச்சும் அடிக்கோல் மாதிரி நேராகத்தான் இருக்கும்.

நூலகத்தை வரைந்து முடித்துவிட்டேன். ஆனால் என் பழைய லேப்டாப்பில் அதைத் திறந்தால், ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குத் திரும்புவதற்குள் சோறு வெந்துவிடும். புதுக் கணினி வேண்டும். என் தம்பி வேறு ஊரில் இருக்கிறான், இந்த விஷயங்களில் கொஞ்சம் கை வைத்தவன். "கடைல ரெடியா இருக்கிறத வாங்கிக்க அக்கா, வம்பை விலைக்கு வாங்காதே" என்றான். அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன். "நானே பூட்டுறேன்டா, உனக்கென்ன?" என்று போனை வைத்தேன்.

பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சாப்பாட்டு மேசையின் பாதி என் வசம் ஆனது. மறு பாதியில் உட்கார்ந்து கணவர் சாப்பிடுவார், பார்ப்பார், எழுந்து போவார். கை நீட்டினால் "தொடாதீங்க" என்பேன். மெமரி என்கிற ரேம் பட்டைகள் இரண்டும் வந்த அன்று பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடி விளிம்பில் வரிசையாகத் தங்கப் பூச்சுப் பற்கள். கைபட்டு மங்கிவிடுமோ என்றிருந்தது. "என் சொந்தக் கையால பூட்டப்போற முதல் பொருள். என்னைக்கும் இப்படிப் புதுசாவே இருக்கணும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரில் அவர் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறிகள் சுழன்றன. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மானிட்டரைப் பார்த்தேன். 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டிவிட்டுக் கறுத்துப்போனது.

முதலில் மானிட்டர் மேல் சந்தேகம். அதைப் பழைய லேப்டாப்பில் சொருகினேன், நூலகம் தெரிந்தது. ஆக மானிட்டர் யோக்கியன், கேபிளும் யோக்கியன். தம்பிக்குப் போன் போட்டேன். "கேபிளை எங்க சொருகியிருக்கே? மதர்போர்டுலயா, கிராபிக்ஸ் கார்டுலயா?" என்றான். மதர்போர்டில். மாற்றிச் சொருகினேன். அப்போதும் அதே கறுப்பு.

"போர்டு ஓரத்துல குட்டி விளக்கு நாலு இருக்கும் பாரு. எது எரியுது?"

குனிந்து பார்த்தேன். சிவப்பு. "அது ப்ராசஸர். அதுக்குத் தனியா ஒரு மின்சார ஒயர் உண்டே, சொருகினியா?" என்றான். சொருகவில்லை. அந்த ஒயர் பெட்டியின் பின்பக்கம் தேமே என்று தொங்கிக்கொண்டிருந்தது. "இதைக்கூடச் சொருகாம..." என்று அவன் தொடங்கியதும் போன் தற்செயலாகக் கட்டாகிவிட்டது. என் கட்டைவிரல் செய்த தற்செயல்தான்.

ஒயரைச் சொருகியதும் சிவப்பு அணைந்தது. ஆகா என்று நிமிர்வதற்குள் அடுத்ததாக ஆரஞ்சு விளக்கு எரிந்தது. போர்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன்: ஆரஞ்சு என்றால் மெமரி. எரிந்த விளக்கு அணையவே இல்லை.

சனிக்கிழமை முழுக்க நானும் அந்த ஆரஞ்சு விளக்கும்தான். பட்டைகளைக் கழற்றி 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். ஒன்றை மட்டும் போட்டேன். அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டேன். குழி மாற்றிப் போட்டேன். போர்டிலிருக்கும் காசு மாதிரியான பேட்டரியைக் கழற்றி, அதன் பழைய ஞாபகமெல்லாம் போகட்டும் என்று காத்திருந்து திரும்பப் பொருத்தினேன். "முதல் தடவை மெமரி பழகறதுக்கு நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அணைக்காதே" என்று தம்பி சொன்னதால், ஓடவிட்டுத் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தும் பார்த்தேன். துணி காய்ந்தது.

உள்ளே குனிந்து பார்க்க டார்ச் எடுத்தேன். கணவர் மெருகேற்றி வைத்த பித்தளை டார்ச், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். வழக்கம்போல அது எரியவில்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ரேம் பல்லை ரப்பரால தேய்ச்சியா? அழுக்கு இருந்தா இப்படி ஆகும்" என்றான் தம்பி.

"என்னடா அழுக்கு? புத்தம் புதுசு. கண்ணாடி மாதிரி மின்னுது. அதைப் போய் ரப்பரால தேய்க்கச் சொல்றே!"

"அப்போ ரேம் செத்துப் போச்சு. மாத்து."

மாற்றலாம். வாங்கிய கடைக்காரர் வெளியூர் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் திறப்பாராம். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. ஒரு பட்டை செத்துப் பிறந்திருந்தால் ஒப்புக்கொள்ளலாம். இரண்டுமா? இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் காய்ச்சல் வருவதுண்டு. ஆனால் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனி உறையில் வந்தவை இவை. அப்படியானால் கோளாறு பட்டைகளில் இல்லை, அவற்றைச் சேர்த்துத் தொட்ட ஏதோ ஒன்றில் இருக்கிறது. அது போர்டா? ப்ராசஸரா? நானா? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைச் சாப்பிடவிடாமல் செய்தது.

மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்த கணவர், இருட்டுத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வரும்" என்றார்.

"வரும்னு சொன்னா வந்துடுமா? பஸ்ஸா இது?" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், விளையாட்டு விழாக் கோப்பைகள் மலைபோலக் குவிந்திருந்தன, கீழே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எனக்குத் தெம்பு போய்விட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம், தம்பி சொன்னதே சரி, எனக்கு வரைய மட்டும்தான் தெரியும், அதுவும் வேறொருவர் நிழலில் உட்கார்ந்து வரையத்தான் தெரியும் என்று தோன்றிவிட்டது. போனை எடுத்து ஸ்கேலுக்கு எழுதினேன்: 'மன்னிக்கவும். நாளைக்கு என்னால் காட்ட இயலாது. வேலையை மற்றவருக்கே கொடுத்துவிடுங்கள்.' அனுப்புவதற்காக விரலைத் தூக்கினேன்.

"அண்ணீ! மணியை அழுத்தி அழுத்தி என் விரலே தேஞ்சுபோச்சு!"

தெருவில் என் நாத்தனார். போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். அண்ணன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து இவள் பேசுவாள். என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு மேசைக்கு வந்துவிட்டாள். நான் கதையைச் சொல்லி முடித்தேன். "எல்லாரும் பல்லு பல்லுன்னு சொல்றீங்களே, அந்தப் பல்லைக் காட்டுங்க பார்க்கலாம். பல்லுன்னா நம்ம டிபார்ட்மெண்ட்" என்று கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டாள்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது மேல என்ன பூசியிருக்கு?"

"தங்கம்."

"தங்கத்துக்கு மேல கேக்கறேன். குழந்தைங்க கடவாய்ப் பல்லுல சொத்தை விழாம இருக்க ஒரு பூச்சு போடுவோம். பல்லு மேல இருக்கிற பள்ளத்துல அது இப்படித்தான் தேங்கி நிக்கும். இங்க பாருங்க."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே மெல்லிய ஈரம் மாதிரி ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டினேன். ஈரமில்லை, உறைந்திருந்தது. வெங்காயத்தோல் மாதிரி ஒரு நூல் அளவு சுருண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். அவர் சட்டைகளைத் துவைப்பவள் நான்.

நாத்தனாரும் முகர்ந்தாள். கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள்.

"அய்யோ அண்ணி, என் சைக்கிள்! சின்ன வயசுல என் சைக்கிள் விளக்கைக் கழட்டி, பல்பு மாட்டற குழியெல்லாம் விடாம மெருகேத்தி வார்னிஷ் பூசிக் கொடுத்தது அண்ணன்தான். விளக்கு எப்படி மின்னுச்சு தெரியுமா? ஆனா எரியல. வார்னிஷைத் தாண்டி மின்சாரம் போகாதுன்னு அப்பாதான் கண்டுபிடிச்சாரு. நான் அந்த இருட்டுல போய் ஒரு எருமை மேல மோதினேன்!"

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பார்கள். இங்கே மின்னியது பொன்னேதான். அது மங்காமல் இருக்க மேலே ஒருவர் கண்ணாடிச் சுவர் எழுப்பியிருக்கிறார். பட்டை குழியில் சரியாகத்தான் உட்கார்ந்தது. உலோகமும் உலோகமும் தொடவில்லை, அவ்வளவுதான். அழுக்கைத் தேடிக்கொண்டிருந்த என் கண்ணுக்குப் பளபளப்பு ஒரு குற்றமாகவே படவில்லை. தம்பி சொன்னபடி ரப்பரால் தேய்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், கீழே மெருகேற்றும் சக்கரம் நின்றது. துணியால் கையைத் துடைத்தபடி மேலே வந்தார். தங்கை சிரிப்பதையும் நான் நிற்கும் கோலத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதுல என்ன பூசினீங்க?"

"வார்னிஷ்."

"எப்போ?"

"நீ கேபிள் வாங்கப் போனப்போ. ரெண்டு கை பூசினேன்." இரண்டு கை என்பதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

"ஏன்? யார் கேட்டா?"

கையிலிருந்த துணியை மடித்தார். பிறகு பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அந்தப் பெரிய கார்டு இருக்கே, அதோட தங்கத்துக்கு ஒரு ப்ளாஸ்டிக் மூடி போட்டு அனுப்பியிருந்தாங்க. இதுக்கு ஒண்ணுமே இல்ல. வெறுமனே கெடந்துச்சு. பார்க்கப் பாவமா இருந்துச்சு. நீ வேற, என்னைக்கும் புதுசாவே இருக்கணும்னு சொன்னே."

கோபம் வந்தது. வந்த கோபத்துக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றல்லவா நினைத்தேன், எனக்கு நானே முணுமுணுத்ததை அவர் கேட்டிருக்கிறார். கேட்டதைச் செய்தும் இருக்கிறார். அதற்காக விட்டுவிட முடியுமா? போனை எடுத்து, எழுதி அனுப்பாமல் வைத்திருந்ததை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"படிங்க. உங்க தங்கச்சி தெருவில கத்தலன்னா இது போயிருக்கும். ரெண்டு நாளா எனக்கு எதுவுமே வராதுன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன். வரும் வரும்னு சொன்னீங்களே, எப்படி வரும்?"

அவர் மெதுவாகப் படித்தார். இன்னொரு தரமும் படித்தார். முகம் செத்துவிட்டது. தங்கையும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நினைத்தேன். வார்னிஷைக் கரைக்கும் தின்னர் பாட்டிலோடும் பஞ்சோடும் திரும்பி வந்தார். மேசையருகே வந்தும் உட்காரவில்லை.

"தொடலாமா?" என்று கேட்டார்.

என் பொருள்களை அவர் தொடுவதற்கு முன்னால் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் நான் 'தொடாதீங்க' என்றுதான் சொல்லியிருப்பேன். "உக்காருங்க. இந்தப் பல்லு மட்டும்தான். மேல இருக்கிற கறுப்புச் சில்லுல தின்னர் படக்கூடாது" என்றேன்.

தங்கையின் கைப்பையிலிருந்த பல் குத்தும் கம்பியில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். துடைத்ததை நான் பூதக்கண்ணாடியில் பார்த்து, "இங்க இன்னும் இருக்கு" என்பேன், மறுபடி துடைப்பார். நடுவில், "இது எதுக்கு இத்தனை பல்லு?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தச் சின்ன விளக்கு யாருக்குச் சொல்லுது?" என்றார். அதையும் சொன்னேன். இரண்டு வாரமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குள் இத்தனை கேள்விகள் இருந்தன. குழிகளில் வார்னிஷ் துகள் கிடக்கலாம் என்று காற்று ஊதச் சொன்னேன். கோப்பைகளிலிருந்து தூசு ஊதும் பம்பைக் கடையிலிருந்து கொண்டுவந்து ஊதினார்.

தின்னர் முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தோம். காத்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அந்த இருவருக்கும் தெரியும். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பட்டைகளை அழுத்தினேன். கிளிக், கிளிக். பொத்தானைத் தொட்டேன்.

விசிறி சுழன்றது. சிவப்பு வந்தது, போனது. ஆரஞ்சு வந்தது. வந்தது போகவில்லை.

"போச்சு" என்றேன்.

"பழகுது" என்றார் அவர். "உன் தம்பி சொன்னான்னு சொன்னியே."

அதையும் கேட்டிருக்கிறார். மூன்று தலைகளும் பெட்டிக்குள் குனிந்திருந்தன. ஆரஞ்சு அணைந்தது. வெள்ளை ஒரு கணம் எரிந்து அதுவும் அணைந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் மானிட்டர் வெளுத்தது, அதில் எழுத்துகள் ஓடின. நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எழுதி வைத்திருந்த செய்தியை அழித்தேன். அழுதுகொண்டேதான் அழித்தேன்.

சாயங்காலத்துக்குள் நூலகம் புதுக் கணினியில் ஏறிவிட்டது. கணவர் கையில் மவுஸைக் கொடுத்தேன். குழந்தைகள் பகுதி வழியாக நடந்துபோய் ஓர் அலமாரிமேல் முட்டிக்கொண்டு, "மன்னிக்கணும்" என்றார். என்னிடம் சொன்னாரா, அலமாரியிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேசையைத் துடைத்து, திரையில் நூலக வாசலைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்கேல் எப்போது தெருவில் நின்று கூப்பிடுவார் என்று ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

ட்ரிங் என்று வீடே அதிர்ந்தது. கையிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டேன். என்ன சத்தம் என்று புரியவே சற்று நேரம் ஆனது. எங்கள் வாசல் மணி அடிக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கணவரைப் பார்த்தேன். அவர் மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேல் வந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு ஜன்னலைத் தள்ளி வைக்கச் சொன்னார், தள்ளினேன். அலமாரியைக் குழந்தைகளின் கைக்கு எட்டுமாறு இறக்கச் சொன்னார், அவர் வாயை மூடுவதற்குள் இறக்கினேன். அடிக்கோலால் திரையைத் தட்டி, "இதுக்கு அடுத்து ஒரு மருத்துவமனை இருக்கு. முதல்ல இதை முடிச்சுக் கொடுங்க" என்றார். படியிறங்கும்போது, "மெஷின் நல்லா ஓடுதே, யார் பூட்டினது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவரை அனுப்பிவிட்டு வாசல் மணியின் பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். பொத்தானில் அதே பளபளப்பு. உள்ளே ஒயர் தொடும் இடத்தில் மட்டும் வார்னிஷ் இல்லை, தின்னர் வாசனை அடித்தது. ஏதோ நினைவு வந்து அலமாரியைத் திறந்து பித்தளை டார்ச்சை எடுத்து அமுக்கினேன். பளீரென்று எரிந்தது. வெளிச்சத்தைக் கணவர் முகத்தில் அடித்தேன்.

"எப்போ செஞ்சீங்க?"

"காலைல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ தூங்கிட்டிருந்தே" என்றார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "எழுப்பிக் கேட்டா, தொடாதீங்கன்னு சொல்லுவே."

"சொல்ல மாட்டேன். இனிமே கேளுங்க."

"கேட்டா தொடச் சொல்லுவியா?"

"பாதி நேரம் சொல்லுவேன்" என்றேன்.

கணக்குச் சரிதானா என்று யோசிக்கிற மாதிரி விரலை மடக்கினார். பிறகு, படியிறங்கும் முன் திரும்பி, பித்தளைத் தாழ்ப்பாளைக் காட்டி, "இதுல மின்சாரம் ஓடுமா?" என்று கேட்டார்.